றஹ்மத் ராத்தாவின் தூக்குச்சட்டி

1

இங்கே நோர்வேயில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கிற பஸ்ஸுக்குச் சத்தமே இல்லை. மின்சாரத்தில் ஓடுகிறதாம். வரும், நெற்றியில் ஏதோ எழுத்து ஓடும், கதவு திறக்கும், மூடும், போய்விடும். எங்கே போகிறது என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். போன மாரியில் கோயிலுக்கென்று ஏறி, கடைசித் தரிப்பிடம் வரை போய், ஒரு மலையடியில் பனிக்குள் இறங்கி நின்றேன். சாரதி நல்ல பெடியன். கோப்பி வாங்கித் தந்து, அதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்து விட்டான். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: அம்மா தனியே பஸ் ஏறக் கூடாது.

எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு தம்பி பிறந்தான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டுமென்று என்னை வீட்டில் மறித்துவிட்டார்கள். கொழும்பில் இருந்தவரை அது ஒரு குறையென்றே எனக்குத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள் வதனிதான் எழுதுகிறாள். என் பேச்சை நேராக்கி எழுதுகிறாள். இடையில் சிலதை வெட்டுகிறாள் என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

கோடை விடுமுறையில் மகனும் பேத்தி ஆரணியும் நானும் கொழும்புக்குப் போய் வந்தோம். வதனிக்கு லீவு கிடைக்கவில்லை. மற்றவர்கள் கடல் பார்க்க, உடுப்பு எடுக்க என்று போனார்கள். நான் போனது ஒரு சட்டியைத் திருப்பிக் கொடுக்க.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்தது ஒரு தோட்டத்தில். மரம், பூ என்று நினைக்காதீர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகளும் நடுவில் எல்லோருக்கும் ஒரு தண்ணீர்க் குழாயுமாக இருக்கிற இடத்தைத்தான் அங்கே தோட்டம் என்பார்கள். எங்கள் வீட்டுக்கும் றஹ்மத் ராத்தா வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்காவாகிவிட்டார். நோன்பு காலத்தில் பின்னேரமானால் சுவரில் தட்டுவார், கஞ்சி வரும். பொங்கலுக்கு நான் தட்டுவேன். எல்லாம் ஒரே தூக்குச்சட்டியில். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, மூடியில் ஒரு நெளிவு. அந்தச் சட்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சீனி, அதுவும் இல்லாவிட்டால் இரண்டு பச்சைமிளகாய். உள்ளே ஏதாவது கிடந்து சத்தம் போட வேண்டும்.

மகன் என்னை நோர்வேக்குக் கூப்பிட்டதும் ஒரு நோன்பு காலத்தில்தான். கடைசிப் பின்னேரமும் கஞ்சி வந்தது. அந்த அவதியில் யார் வைத்தார்களோ தெரியாது, இங்கே வந்து பெட்டியைத் திறந்தால் சேலைகளுக்குள் அந்தச் சட்டி. அன்று முதல் அது குசினி றாக்கைத் தட்டில் இருந்தது. நான் அதில் ஒன்றும் வைத்ததில்லை. கொஞ்சக் காலம் ராத்தாவோடு போனில் கதைத்தேன். பிறகு என் பழைய போன் செத்துப்போனது, அதற்குள் இருந்த அவருடைய நம்பரும் சேர்ந்து போனது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

2

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் விடிய நான் கண் திறக்கவில்லை, காதைத்தான் திறந்தேன். கடலோரம் ரயில் போனது. பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி சந்துக்குள் வந்தது. மீன்காரர் கூவினார், பின்னால் கீரைக்காரி. அப்பால் காலி வீதியில் கொண்டக்டர்மார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் படுத்திருந்தபடியே சிரித்தேன். ஆரணி பக்கத்துக் கட்டிலில் தலையணையைக் காதில் வைத்து அமத்திக்கொண்டு கிடந்தாள்.

"அப்பம்மா, இவை ஏன் எல்லாரும் சண்டை பிடிக்கினம்?"

"சண்டையில்லை பிள்ளை. தாங்கள் வந்திட்டம் எண்டு சொல்லினம்."

நோர்வேயில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு மெஷின் துண்டு தரும். சுவரில் ஒரு நம்பர் மின்னும். என் முறை வந்து போனதே தெரியாமல் நான் குந்திக்கொண்டிருப்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வெள்ளவத்தையில் நடந்தால் ஆரையோ ஆரோ கூப்பிட்டபடி. "வாங்கோ அக்கா, கறுத்தக்கொழும்பான் மாம்பழம்", "அம்மா, முருங்கைக்காய் பிஞ்சு", "மிஸ், உள்ளே வந்து பாருங்க". கொத்துரொட்டிக் கடையில் தகட்டு மேல் இரண்டு இரும்பும் ஆடுகிற ஆட்டத்தைக் கேட்டால் போர்ட் எதற்கு? வடை பொரிகிற கடைக்கு மூக்கே வழி காட்டும்.

நான் ஒவ்வொரு காலையும் சந்தைக்குப் போனேன். சந்தை வாசலில் ஒருவர் மாங்காய் அச்சாறு விற்கிறார். மிளகாய்த்தூளும் உப்பும் சீனியும் போட்டுக் குலுக்கி ஒரு பையில் தருவார். முதல் நாளே கேட்டார்.

"அன்ரி வெளிநாடோ?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்த வெயிலுக்க சொக்ஸோட செருப்புப் போட்டு நடக்கிற ஆள் வெள்ளவத்தையில இல்லை."

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். கழற்றவும் மனமில்லை, கால் பழகிவிட்டது. அதற்குப் பிறகு நான் வருவதைக் கண்டாலே "சொக்ஸ் அன்ரிக்கு ஒண்டு" என்று பையை எடுத்துவிடுவார்.

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. தமிழ் விளங்கும். பதில் பாதி நோர்வே மொழியில் வரும். தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி திரிந்தாள். தெருவில் விற்கிற எதையும் தொடமாட்டாள். நான் இறால் வடையைக் கடித்தால், ஏதோ மருந்து குடிக்கிற ஆளைப் பார்க்கிறது போல என்னைப் பார்ப்பாள். சின்னதில் அவளுக்குச் சோறு குழைத்துத் தீத்தினது நான். அந்த வாய் இப்போது எனக்குத் தெரியாத ஊருக்குப் போய்விட்டது போல இருந்தது.

கொட்டாஞ்சேனைக்கு எப்போது போவது என்று மகனைக் கேட்டால் "நாளைக்கு" என்றான். அவனுக்கு அரசாங்கக் கந்தோரில் ஒரு அலுவல். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்தும் கடவுச்சீட்டில் வேறொரு எழுத்தும். அதைத் திருத்த ஒரு யன்னல், முத்திரைக்கு இன்னொரு யன்னல், அங்கே போனால் ஐயா சாப்பிடப் போய்விட்டார். எழுத்துத் தெரிந்த அவனைத்தான் எழுத்து அலைக்கழித்தது, என்னையல்ல. இப்படியே நாளைக்கு நாளைக்கு என்று கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று இரவு விமானம். அவன் காலையிலேயே சப்பாத்தை மாட்டினான்.

"அம்மா, இண்டைக்குக் கையெழுத்து வைக்கிறனெண்டு சொன்னவங்கள். உங்களைக் கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முறை கூட்டிக்கொண்டு போறன்."

"அடுத்த முறை எண்டு ஒண்டு எனக்கு இருக்கோ?"

"தனியப் போயிடாதேங்கோ. போர்ட் வாசிக்கத் தெரியாமல் எங்கையும் நிண்டால் ஆர் தேடுறது?"

அவன் போனான். நான் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஆரணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலைமயிரை முடிந்தாள்.

"அப்பா தனியப் போகாதேங்கோ எண்டுதானே சொன்னவர்? நான் வந்தால் தனிய இல்லை."

3

வெறுஞ்சட்டியோடு ராத்தா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. காலி வீதியில் ஒரு சைவக்கடைக்குள் போனோம். சைவக்கடையென்றால் ராத்தாவும் யோசிக்காமல் சாப்பிடலாம். அவருக்குப் பருப்பு வடையில் உயிர். அதுவும் நடுவை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கருகலாக இருக்கிற கரையைத்தான் தின்பார்.

பரிமாறுகிறவர் பேப்பர் பையை எடுத்தார்.

"பை வேண்டாம் தம்பி. இந்தச் சட்டிக்குள்ள போடும்."

"எத்தினை அம்மா?"

"மூடி பொருந்துமட்டும்."

அவர் சிரித்துக்கொண்டு அடுக்கினார். மேலே ஒரு பிடி முறுக்கையும் உடைத்துப் போட்டு மூடினோம். மூடியின் நெளிவு வழியே வாசம் வந்தது.

தெருவைக் கடந்து நின்றால் ஒரு பஸ் நிற்காமலே நின்றது. கொண்டக்டர் கதவில் தொங்கியபடி கத்தினான்: "பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொட்டுவ, கொட்டுவ, பிட்டகொட்டுவ." கோட்டை, புறக்கோட்டை என்பதைத்தான் சிங்களத்தில் அப்படிக் கூவுவார்கள். அந்த இழுவை என் காதுக்குள் எத்தனை வருசம் சும்மா கிடந்ததோ, கேட்டவுடனே கால் தானாக ஏறிவிட்டது. ஆரணி கையில் போனை வைத்துக்கொண்டு, "அப்பம்மா, இது சரியான பஸ்ஸோ? பொறுங்கோ, நான் பாக்கிறன்" என்றாள். அவள் பார்த்து முடிக்க நாங்கள் பம்பலப்பிட்டி தாண்டிவிட்டோம்.

பஸ்ஸுக்குள் பாட்டு. சாரதிக்கு மேலே பிள்ளையார், புத்தர், மாதா மூவரும் ஒரே மாலைக்குள். இடையில் ஒருவர் கச்சான் கடலைச் சுருளோடு ஏறினார், இன்னொருவர் லொத்தர் சீட்டோடு. ஒருவரும் ஏறாத நேரத்தில் இடப் பக்கம் கடல் ஏறி வந்தது. காலிமுகத்தில் ஆரணி முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தாள்.

புறக்கோட்டையில் மாற வேண்டும். கொட்டாஞ்சேனைப் பஸ்ஸைச் சுற்றி ஒரே சனம், கதவுக்குக் கிட்டவும் போக முடியாது. நான் இடுப்பிலிருந்து லேஞ்சியை எடுத்து, யன்னல் வழியாகக் கையை விட்டு, ஒரு சீட்டில் போட்டேன். கைக்குட்டையை நாங்கள் லேஞ்சி என்போம். பிறகு ஆறுதலாக ஏறினோம். அதற்குள் ஒரு ஐயா அந்தச் சீட்டில் இருக்கப் பார்த்தார். நான் தூரத்திலிருந்தே சொன்னேன்: "கெனெக் இன்னவா, மாத்தயா." ஆள் இருக்கு ஐயா என்று அர்த்தம். அவர் லேஞ்சியைப் பார்த்தார், மறு பேச்சில்லாமல் எழும்பிவிட்டார்.

ஆரணி வெட்கத்தில் சிவந்துபோனாள்.

"அப்பம்மா, அங்க ஆள் இருக்கேல்லையே. துணிதானே இருந்தது."

"துணி இருந்தால் ஆள் வரும். அது எல்லாருக்கும் தெரியும்."

"இது சட்டமோ?"

"லேஞ்சி போட்டால் சட்டம்தான்."

அவள் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்த வடையில ஒண்டு எடுக்கலாமோ?" என்று கேட்டாள். ராத்தாவின் சட்டிதான், ராத்தாவின் பங்குதான். ஆனாலும் மூடியைத் திறந்து நீட்டினேன். அவள் ஒன்றைத் தின்றாள். எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்தாள். இன்னொன்றும் எடுத்தாள். ராத்தா பார்த்தால் சந்தோசப்படுவார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

4

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் கோயில் மணி எந்தப் பக்கம், மாதா கோயில் எந்தப் பக்கம் என்று காது பிடித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நடந்தேன். தோட்டத்துக்குள் போகிற சந்தும் இருந்தது. ஆனால் தோட்டம் இல்லை. ஆகாயத்தை மறைத்துக்கொண்டு ஒரு மாடிக் கட்டடம். வாசலில் யூனிஃபோர்ம் போட்ட காவல்காரர். "எந்த நம்பர் வீடு?" என்றார். நம்பர் எனக்கு எங்கே தெரியும்? "தண்ணிக் குழாய்க்கு எதிர் வீடு" என்றேன். அவர் ஆரணியைப் பார்த்தார். ஆரணி என்னைப் பார்த்தாள்.

வெயில் சுட்டது. சட்டியின் காது கையை வெட்டியது. சந்து முனையில் பூ கட்டி விற்கிற ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டேன். என் வயதுக்கு ஒரு பத்து வயது குறைவாக இருக்கும்.

"பிள்ளை, இதில முந்தி இருந்த றஹ்மத் ராத்தாவைத் தெரியுமோ?"

"யாரு, வட்டிலப்பம் செஞ்சு விக்கிற ராத்தாவா? அவங்க இல்லீங்களே."

பக்கத்துப் படியில் அப்படியே குந்திவிட்டேன். ஆரணி என் தோளைப் பிடித்தாள். பூக்காரி கட்டிய மாலையைப் போட்டுவிட்டு எழும்பி வந்தாள்.

"ஐயோ அம்மா, அந்த 'இல்ல' இல்ல. இங்க இல்லன்னு சொன்னேன். தோட்டத்த ஒடச்சதுக்குப் பொறவு தெகிவளைக்குப் போயிட்டாங்க, மக வூட்டுக்கு. நல்லாத்தான் இருக்காங்க. போன மாசம் கோயில் தெருவுக்குக் கல்யாண வூடுன்னு வந்து என்கிட்ட நின்னு கதைச்சிட்டுத்தான் போனாங்க."

"தெகிவளையில எங்க?"

"நம்பரு தெரியாதுங்க. ரயில் ரோட்டுப் பக்கம், பள்ளிவாசலுக்குப் பின்னாடி மூணு மாடி வூடு, கீழ பேக்கரி. வெள்ளவத்த சந்தைக்குத்தான் தெனம் போவாங்களாம்."

வெள்ளவத்தைக்கு அடுத்த இடம் தெஹிவளை. நான் இத்தனை நாளும் நின்ற இடத்திலிருந்து நடந்தே போகலாம். அதே சந்தைக்கு அவரும் வந்துபோயிருக்கிறார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று ஆரணிக்குப் பிடிபடவில்லை. பூக்காரியின் கையில் இரண்டு வடையை வைத்தேன். அவள் ஒரு முழம் மல்லிகையை அறுத்து ஆரணியின் தலையில் வைத்துவிட்டாள். வெறுங்கையோடு ஒருவரும் போகிற இடமில்லை அது.

5

திரும்பி வருகிற பஸ் காலி வீதியில் ஊர்ந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மகன் போன் எடுத்தான். கையெழுத்து வைக்கிறவர் இன்றைக்கும் வரவில்லையாம். அந்தக் கோபமும் சேர்ந்து, "எங்க நிக்கிறியள்? பெட்டி கட்டவேண்டாமே?" என்று சத்தம் போட்டான். ஆரணி பதில் சொன்னாள். நோர்வே மொழியில் இல்லை, தமிழில்.

"அப்பா, அப்பம்மாக்கு ஒரு ஆளைப் பாக்கோணும். பெட்டியை நீங்களே கட்டுங்கோ."

தெஹிவளையில் பேக்கரியைப் பாண் வாசம் காட்டித் தந்தது. மேலே மூன்று மாடி. இரும்புப் படலை பூட்டியிருந்தது. பெல் என்று சுவரில் ஒன்றுமில்லை. பேக்கரிக்காரர் உள்ளே எங்கேயோ நின்றார். நேரமோ ஓடியது. நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன்.

"ராத்தோ... ராத்தோவ்..."

நோர்வேயில் இப்படிக் கத்தினால் பொலிஸ் வரும். இங்கே ஓட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பல்லைக் குத்தினார், அவ்வளவுதான். மேலே அசைவில்லை. அப்போது பக்கத்தில் ஒரு குரல் என்னைவிடப் பலமாக எழும்பியது. ஆரணி இரண்டு கையையும் வாயில் குவித்து, கொண்டக்டர் இழுக்கிற மாதிரியே இழுத்தாள்.

"ராத்தோவ்... றஹ்மத் ராத்தோவ்..."

மூன்றாம் மாடியில் ஒரு துணி விலகியது. ஒரு முக்காடு வெளியே வந்தது.

"யாரது தெருவ தூக்குறது?"

நான் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

"யா அல்லாஹ். பரமேசு."

ஒரு கயிற்றில் பை ஒன்று ஆடி ஆடி இறங்கி வந்தது. அதற்குள் படலைத் திறப்புச் சாவி.

படியேறின மூச்சு அடங்கவே நேரம் எடுத்தது. ராத்தா மெலிந்துவிட்டார். பல் கொஞ்சம் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே. என் முகத்தை இரண்டு கையாலும் தடவிவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்தார். பார்த்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"நீங்களா அந்த சொக்ஸ் அன்ரி? அச்சாறுக்காரன் தெனமும் செல்லிச் செல்லிச் சிரிச்சான். யாரோ பைத்தியம்னு நானும் சேர்ந்து சிரிச்சேன்."

"நீங்களும் அவரிட்டையே வாங்குறனீங்கள்?"

"பல்லில்லாட்டி என்ன, சூப்பலாம் தானே."

சட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன். மூடியைத் திறந்தார். வடை பாதிதான் இருந்தது, அதுவும் பஸ்ஸில் குலுங்கி உடைந்துபோய். ராத்தா கரைத் துண்டாகத் தேடி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி ஊறவைத்தார்.

"உங்கட சட்டியைத் தரத்தான் வந்தனான் ராத்தா. இவ்வளவு காலமும் என்னட்டக் கிடந்துபோச்சு."

"என்ட சட்டியா? இது ஒங்கட சட்டி. ஒங்கட மாப்புள கோட்டையில வாங்கிட்டு வந்தது."

"என்ர மனுசன் வாங்கினது பச்சை விளிம்பு. இது உங்கட."

"நான் எனாமல் சட்டியே வாங்கினதில்ல. என்ட உம்மாக்குப் பிடிக்காது."

"பின்ன கஞ்சி தந்தது?"

"ஒங்கட சட்டியிலதானே தந்தேன்."

இரண்டு பேரும் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அத்தனை தரம் அந்தச் சுவரைச் சுற்றிப் போய் வந்த சட்டி அது. ஆரணி நடுவில் நின்று, ஒரு துண்டு வடையைத் தின்றபடி, இந்த வாயையும் அந்த வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளேன்டீ குடித்தோம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கதைத்தோம். கதை பாதியில் நிற்க மகனின் போன் மறுபடி அடித்தது. எழும்பினேன். ராத்தா மிச்ச வடையை ஒரு தட்டில் கொட்டிவிட்டுச் சட்டியோடு குசினிக்குள் போனார். கழுவுகிற சத்தம் கேட்டது. இப்போது வட்டிலப்பமோ, ஒரு பிடி சீனியோ வரப்போகிறது, அதை விமானத்தில் விடுவார்களோ மாட்டார்களோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவரின் கையில் ஒன்றும் இல்லை.

"சட்டி?"

"உள்ள வெச்சிட்டேன்."

"சரி, உங்கடதானே."

"என்டது இல்ல. ஒங்கடதுதான். ஒங்கட சட்டி என்ட ஊட்டுல வெறுமையா கெடக்கும். எனக்கு வெக்கமா இருக்கும், தூக்கம் வராது. நீங்க வந்து நின்டா நெறச்சுத் தருவேன். அது வரைக்கும் ஒன்டும் தரமாட்டேன்."

"வெறுங்கையோடயா அனுப்புறீங்கள்?"

"ஓம். வெறுங்கையோடதான் போங்கோ."

ஒரு பச்சைமிளகாயாவது கட்டித் தராமல் யாரையும் வாசல் தாண்ட விடாத மனுசி. கண்ணில் நீரோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்படியே நின்றார். நான் கையை வீசிக்கொண்டு படியிறங்கினேன். அவ்வளவு பாரமான வெறுங்கையை நான் அதற்கு முன் சுமந்ததில்லை. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தால், துணியை விலக்கிக்கொண்டு அந்த முக்காடு. எங்கள் ஓட்டோ திரும்புமட்டும் அது உள்ளே போகவில்லை.

6

வந்து மாரியும் தொடங்கிவிட்டது. சத்தமில்லாத பஸ் வருகிறது, போகிறது. நான் யன்னலோடு நின்று, அது வரும்போது வாய்க்குள் "கொட்டுவ, கொட்டுவ" என்று கூவிப் பார்க்கிறேன். பக்கத்தில் ஆரணி நின்றால் அவள் பிட்டகொட்டுவையையும் சேர்ப்பாள்.

றாக்கையில் சட்டி இருந்த இடம் வட்டமாகத் தெரிகிறது. போன கிழமை வதனி புதிதாக வாங்கின தேத்தண்ணிப் போத்தலை அதில் வைக்கப் போனாள். நான் முந்திக்கொண்டு இடுப்பிலிருந்து லேஞ்சியை எடுத்து, நாலாக மடித்து, அந்த வட்டத்தின் மேல் வைத்தேன்.

"என்ன மாமி இது?" என்றாள்.

நான் வாய் திறக்க முதல், மேசையில் படித்துக்கொண்டிருந்த ஆரணி தலை நிமிராமலே சொன்னாள்:

"கெனெக் இன்னவா, அம்மா."